துண்டு போட்ட சீட்டும் என் ஆட்டு மந்தையும்

பொறாமையிடம் ஒரு ஒழுங்கு உண்டு. முன்பின் தெரியாத ஆள் மேல் அது வரவே வராது. ஜப்பானில் ஒருவன் கம்ப்யூட்டர் கேம் செய்து உலகத்தையே வளைத்துப் போட்டுவிட்டான் என்று படித்தால், 'கெட்டிக்காரன்' என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்போம். அதையே சிவகிரிக்காரன் ஒருவன் செய்தால் டீ இறங்காது. அவன் காலேஜில் நம் பக்கத்தில் உட்கார்ந்து நம்மைப் பார்த்து எழுதியவன் என்றால், டம்ளரையும் சேர்த்துக் கடிக்கத் தோன்றும்.

எனக்கு அமைந்த சிவகிரிக்காரன் பெயர் வேலு.

இரண்டு பேரும் சென்னையில் ஒரே கம்பெனியில் இருந்தோம். இரண்டு பேருக்கும் சொந்தமாக கேம் செய்ய வேண்டும் என்று ஆசை. நான் வீரமாக வேலையை விட்டுவிட்டு சங்கரன்கோவிலுக்கு வந்து, மாடி அறையில் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் வேலையையும் விடாமல் சனி, ஞாயிறுகளில் செய்தான். (வயிற்றெரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.)

என் கேமின் பெயர் 'கிடை'. வெறும் வயலில் ஆடுகளை அடைத்துப்போட்டு, திருடர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும். துணைக்கு ஒரு சிப்பிப்பாறை நாய். வேலுவின் கேம் 'கடைசி பஸ்'. பேய் கேம்.

கேமைச் செய்வதோடு வேலை முடியாது. ஆன்லைன் கடையில் ஆயிரக்கணக்கான கேம்கள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு படம். வருகிறவன் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தொடுவதா, தாண்டிப் போவதா என்று முடிவு செய்வான். வருஷக்கணக்கான உழைப்பும் அந்தத் தீப்பெட்டிக்குள் அடக்கம்.

ஒரு நாள் காலையில் வேலு தன் படத்தை என் போனுக்கு அனுப்பினான். இருட்டான பஸ். அதில் ஒரு காலி சீட். சீட்டில் ஒரு சிவப்புத் துண்டு. அவ்வளவுதான்.

என் மனைவி செல்வி எட்டிப் பார்த்தாள். "அய்யோ, யாரோ எடம் போட்டுட்டு வராமலே போயிட்டாவ போலயே. பாக்கவே பயமா இருக்குங்க."

வேலுவின் கேமின் முழுக் கதையையும் அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். என் கேமின் கதையை நான் அவளிடம் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் கேட்ட ஒரே கேள்வி, "ஆடு ஏன் உருண்டையா இருக்கு?" (எனக்கு வரைய வராது. உருண்டைதான் வரும்.)

அன்று மத்தியானம் வேலுவே கூப்பிட்டான். "ஏலே, நீ என்ன படம்ல வைக்கப் போற?"

"அது சர்ப்ரைஸ்" என்றேன். என்னிடம் ஒன்றும் இல்லை.

"ஒண்ணே ஒண்ண மட்டும் வைல மக்கா. சின்னதா பாத்தாலும் புரியணும், பாத்துக்கோ."

நண்பன் சொன்ன நல்ல யோசனை என் காதுக்குள் நுழையும்போது, 'நான் மேதை, நீ மடையன்' என்று மாறிப்போனது. ஒன்றை மட்டும் வைக்கச் சொல்கிறானா? எல்லாவற்றையும் வைத்துக் காட்டுகிறேன் என்று பைக்கை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இசக்கியின் பிளக்ஸ் கடை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அவன்தான். ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிய சமயம் என்பதால் வேலைச் சூட்டில் இருந்தான்.

"கிடை, ஆடு, நாய். அவ்வளவுதான அண்ணாச்சி? பின்னாடி ஒரு சூரியன் எறக்குவமா?"

"எறக்கு."

"மலை?"

"வை."

"மின்னல் ஒண்ணு கெடக்கு. போன வாரம் ஒரு மாப்பிள்ளைக்குப் போட்டது. மிச்சம்."

"அதையும் போடு."

ஆடு ஒன்றிரண்டு போதுமா என்று அவன் கேட்டான். மந்தையே வேண்டும் என்றேன். நாய் நடுவில் பாய வேண்டும். திருடன் கத்தியோடு வர வேண்டும். வானம் முழுக்க ஆரஞ்சும் சிவப்புமாகக் கொதிக்க வேண்டும். பெயரைச் சுற்றிப் பச்சை முள்வேலி படர வேண்டும். கடைசியில் இசக்கி கேட்டான்: "ஹீரோ மூஞ்சிக்கு யாரு அண்ணாச்சி?"

நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன். (கொஞ்சம்தான்.) போனிலிருந்து என் போட்டோ ஒன்றைக் கொடுத்தேன். இசக்கி அதற்கு முறுக்கு மீசை வைத்து, மந்தையின் ஓரத்தில் நிற்க வைத்தான்.

அவன் கடையின் பெரிய திரையில் அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. இசக்கிக்கும். "அண்ணாச்சி, இத இருபதடிக்கு அடிச்சு ரதவீதில நிப்பாட்டுனா ஒரு பய தாண்டிப் போவ மாட்டான்." அவன் சொன்னது சத்தியம். அந்தப் படத்துக்கு இருபதடி தேவைப்பட்டது. ஆன்லைன் கடையில் கிடைக்கப் போவது தீப்பெட்டி.

வீட்டில் கம்ப்யூட்டர் திரை முழுக்கப் பரப்பிச் செல்வியிடம் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத போன்ல வச்சு பாத்தியளா?"

"உனக்கு வேலு செஞ்சாத்தான் பிடிக்கும்" என்றேன்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு துணி காயப்போடப் போய்விட்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு கேமும் ஒரே வாரத்தில் வெளிவந்தன. தமிழில் கேம் விளையாடிக் காட்டும் பிரபலமான ஒரு தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை புது கேம்களை நேரலையில் அறிமுகப்படுத்துவதாக அறிவித்தார். பனவடலிசத்திரத்திலிருந்து மாமனார் வந்துவிட்டார், மைத்துனன் முத்துவோடு. மாமனாருக்கு ஒரு நியாயமான கவலை இருந்தது. சென்னை வேலையை விட்ட மாப்பிள்ளை என்னதான் செய்கிறார் என்று ஊரில் கேட்கிறார்கள். இன்றைக்கு ஒரு பதிலோடு ஊர் திரும்ப வேண்டும். வெள்ளை வேட்டியில், டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

நேரலை ஆரம்பித்தது. திரையில் தீப்பெட்டி வரிசை. முதலில் வேலுவின் துண்டு. "யாருங்க இது! சும்மா ஒரு துண்டப் போட்டு அலற விட்டுட்டாங்களே!" என்று அந்தத் தம்பி பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நான் சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த படத்தில் மவுஸ் அம்பு வந்து நின்றது. தம்பி முகத்தைக் கேமராவுக்கு அருகே கொண்டுவந்தார். கண்ணைச் சுருக்கினார்.

"இது... சமையல் கேமா? மினி இட்லி சாம்பார் மாதிரி இருக்கு. நடுவுல வடை கூட போட்டிருக்காங்க!"

நான் டிவியைப் பார்த்தேன். மறுக்க வழியே இல்லை. கொதிக்கிற வானம் சாம்பாராகியிருந்தது. என் மந்தை மொத்தமும் வெள்ளை வெளேர் என்று இட்லியாக மிதந்தது. பாயும் நாய் பொன்னிறமாக வெந்திருந்தது. முள்வேலி கொத்தமல்லித் தழை. மீசையோடு நிற்கிற என்னைத் தேடினேன். ஓரத்தில் தாளித்த கடுகு ஒன்று தெரிந்தது. அது நான்தான்.

திரையின் ஓரத்தில் ஜனங்கள் எழுதித் தள்ளினார்கள். 'சட்னி எங்கே?' 'பார்சல் உண்டா?' அதற்கு நடுவே வேலுவின் பெயர் வந்தது: 'அது இட்லி இல்லங்க, ஆடு. என் நண்பனோட கேம். ரொம்ப நல்லா இருக்கும், விளையாடிப் பாருங்க.' உடனே அதற்குக் கீழே ஒருவர்: 'ஓ, மட்டன் இட்லியா?'

அவன் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பரிந்துகொண்டு வந்தானே, அதுதான் பொறுக்கவில்லை.

முத்து எழுந்து வெளியே போனான். மாடிப்படியில் அவன் சிரிக்கிற சத்தம் நன்றாகவே கேட்டது. செல்வி துப்பட்டாவைப் பாதிக்கு மேல் வாய்க்குள் திணித்திருந்தாள். மாமனார் மட்டும் என் பக்கம் திரும்பி, முகம் மலர்ந்து சொன்னார்: "ஓட்டலா வைக்கப் போறிய மாப்பிள? இத முன்னாடியே சொல்லிருக்கலாம்லா. நல்ல தொழில்தான?"

அவ்வளவு நிம்மதியை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் ரோஷத்தை விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன். இருட்டு வயல், அதில் காது விடைத்த நாயின் தலை ஒன்று, மேலே பெரிய எழுத்தில் பெயர். செல்வி போனைக் கைநீட்டித் தள்ளிப்பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் நாய் தெரியுது" என்றாள். படம் சரியாகிவிட்டது. ஆனால் ஊர் மறக்கத் தயாராக இல்லை. புதிதாக வாங்கியவர்கள் எல்லாம், 'நல்ல கேம், ஆனால் கடைசிவரை இட்லி வரவில்லை' என்று குறை எழுதினார்கள்.

மானம் போனபின் தயக்கம் எதற்கு? ஒரு பட்டனை வைத்தேன். அமுக்கினால் ஆடுகள் எல்லாம் இட்லியாகும். திருடர்கள் கத்திக்குப் பதில் ஸ்பூனோடு வருவார்கள். அந்தப் பட்டனுக்காகவே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அதே தம்பி அதை நேரலையில் விளையாடிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அந்த வாரம் வேலு கூப்பிட்டான். குரலில் சுரத்தே இல்லை. "ஏலே, என் படத்தப் பாத்து எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டுப் போயிருதானுவ. ஒன்னையப் பாத்துச் சிரிச்சுட்டு, வாங்கிட்டும் போறானுவ. வயிறு எரியுதுல மக்கா."

"சிக்னல் சரியில்லல வேலு. கடைசியா என்ன சொன்ன?" என்று கேட்டேன். பாவம், திரும்பவும் சொன்னான். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு இனிமையாகப் பேசியதில்லை.

ஊரில் மாமனார் இப்போது தெளிவான பதில் வைத்திருக்கிறார். "மாப்பிள இட்லில இருக்காரு, கம்ப்யூட்டர் இட்லி" என்கிறார். பனவடலிசத்திரத்துக்கு விருந்துக்குப் போனால் மாமியார் தவறாமல் இட்லிதான் வைப்பார். சாம்பார் ஊற்றும்போது ஒன்று வழுக்கி இலையின் ஓரத்துக்கு ஓடும். பந்தியின் அந்தக் கோடியிலிருந்து மாமனார், முகத்தில் சிரிப்பே இல்லாமல் குரல் கொடுப்பார்:

"மாப்பிள, ஒண்ணு மந்தைய விட்டு ஓடுது பாருங்க. மறிங்க, மறிங்க!"

எத்தனை தடவை பட்டாலும் புத்தி வருவதில்லை. என் கை தானாகப் போய் மறிக்கத்தான் செய்கிறது.