எலாடியோ நின்ற வரிசை

வேலியை எடுக்கப் போகிறார்கள் என்று சேதி வந்த அன்று லா லீனியா ஊரே சந்தோஷப்பட்டது. எலாடியோ ஒருத்தனுக்கு மட்டும் அது கெட்ட சேதி.

வேலிக்கு இந்தப் பக்கம் ஸ்பெயின். அந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரர்களின் ஜிப்ரால்டர். எலாடியோவுக்கு வீடு இங்கே, வேலை அங்கே. கப்பல் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவன். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதிலிருந்து எல்லையில் இன்றைக்கு என்ன விதி, நாளைக்கு என்ன விதி என்று ஊரில் ஒருத்தருக்கும் தெளிவில்லை. அந்தக் குழப்பத்தை வைத்துத்தான் எலாடியோ குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

எல்லைச் சாவடியில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும்; ஆனால் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்குத் தனி அட்டை உண்டு. அதைக் காட்டினால் ஒரு சிகரெட் அணைவதற்குள் இந்தப் பக்கம் வந்துவிடலாம். எலாடியோவும் அப்படித்தான் வந்தான். வந்ததும் நேரே ஹசிந்தோவின் மதுக்கடையில் டோமினோ காய் ஆட உட்கார்ந்துவிடுவான். ஏழரை மணிக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, "வரிசை" என்று ஒரே வார்த்தை சொல்லுவான். மனைவி 'உச்' கொட்டிவிட்டு சூப்பை எடுத்து வைப்பாள்.

மனைவி பெயர் பூரிஃபிகாசியோன். அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்கும் மூச்சு கிடையாது; பூரி என்பார்கள். கோபத்தில் அவள் உப்புவதைப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

சேதி வந்த அன்று பூரி தட்டைத் துடைத்தபடியே கேட்டாள்.

"வேலி போயிட்டா நீ சீக்கிரம் வந்திருவியா?"

"வேலியா? எந்த வேலி?"

"நம்ம ஊர்ல எத்தனை வேலி இருக்கு? சோதனையே கிடையாதாம். விறுவிறுன்னு நடந்து வந்திரலாமாம். ஆறு மணிக்கெல்லாம் வந்திருவ, இல்ல?"

அவள் முகம் என்னவோ போல் இருந்தது. பாவம், ஆசையாகக் கேட்கிறாள் என்று எலாடியோவுக்கு நெஞ்சு இளகியது. ஆனால் ஆறு மணி என்ற சொல் காதில் விழுந்ததும் இளகிய நெஞ்சு மறுபடி இறுகிவிட்டது.

"அது வெறும் பேச்சு. உண்மையில இனிமேதான் மோசம்."

"எப்படி?"

"கைரேகை எடுக்கப் போறாங்க. பத்து விரலும்."

"ஒரு தடவை எடுத்தா போதாதா?"

"தினமும் எடுக்கணுமாம். விரல் மாறிருச்சுன்னா?"

பூரி கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

"அப்ப ஏழரை ஆயிரும்."

"ஏழரைக்கு வந்தா புண்ணியம். என் விரலெல்லாம் பெயின்ட். துடைச்சுத் துடைச்சு எடுக்கணும்."

"அடப் பாவமே" என்றாள் பூரி. அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இவ்வளவு சுலபமாக நம்பும் பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று எலாடியோ அன்றிரவு வருத்தப்பட்டான். நன்றாகத் தூங்கியும்விட்டான்.

மறுநாள் காலை அவள் ஒரு பெரிய தூக்குப்பாத்திரத்தை அவன் கையில் கொடுத்தாள். கொண்டைக்கடலையும் தொத்திறைச்சியும் போட்ட குழம்பு.

"வரிசையில நிக்கறப்போ சாப்பிடு. பசியோட ஓடி வராத. மெதுவா வா."

மாலையில் ஹசிந்தோவின் கடையில் சூடு பண்ணிச் சாப்பிடலாம் என்று எலாடியோ அதை வேலைக்குத் தூக்கிக்கொண்டு போனான். மாலையில் அப்படியே திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தான். சாவடியில் ஒரு புது அதிகாரி, சின்ன வயதுப் பெண், அட்டையைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"இதுல என்ன ஐயா?"

"குழம்பு. கடலை, தொத்திறைச்சி."

"இறைச்சி வெளியில இருந்து உள்ள வரக்கூடாதே."

"இது வெளி இறைச்சி இல்லம்மா. எங்க தெருக் கறிக்கடையில வாங்கினது."

"இப்ப எந்தப் பக்கத்துல இருந்து வருது?"

"அந்தப் பக்கத்துல இருந்து. ஆனா காலையில இந்தப் பக்கத்துல இருந்துதான் போச்சு."

"போறப்போ ஸ்பெயின் இறைச்சி. வர்றப்போ வெளிநாட்டு இறைச்சி."

"நானும்தான் காலையில போயிட்டு இப்ப வரேன்."

"உங்களை யாரும் சாப்பிடப் போறதில்லையே ஐயா."

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரியாகவும் இருந்தது, யோசிக்காமல் விட்டால் தப்பாகவும் இருந்தது.

"சரி, என்ன பண்ணணும்?"

"இங்க குப்பையில கொட்டிரலாம். இல்லேன்னா திரும்பப் போய் அங்கேயே சாப்பிட்டுட்டு வரலாம்."

"வயித்துக்குள்ள வந்தா பரவாயில்லையா?"

"வயித்துக்கு எங்ககிட்ட விதி இல்ல."

பூரி சமைத்ததைக் குப்பையில் கொட்ட எலாடியோவுக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போய் வேலியோரமாக நின்றபடி சாப்பிட்டான். நாலு பேர் சாப்பிட வேண்டிய குழம்பு. ஆறிப்போய் எண்ணெய் கட்டியிருந்தது. பாதியில் மூச்சு முட்டியது. வேலிக்கு அப்பால் ஹசிந்தோவின் கடை விளக்கு தெரிந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பெல்ட்டைத் தளர்த்தி, மீதியையும் முடித்தான்.

மறுபடி சாவடிக்கு வந்தபோது அந்தப் பெண் இல்லை. வேறொருவர் இருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இப்போதுதானே இந்த வழியாக வந்தீர்கள், ஏன் திரும்பிப் போனீர்கள் என்று கேட்டார். குழம்பு சாப்பிட என்றான் எலாடியோ. அவர் காலிப் பாத்திரத்தை மோந்து பார்த்தார். ஓரமாக உட்காரச் சொன்னார். யாருக்கோ போன் போட்டார். அந்த யாரோ வேறு யாருக்கோ போன் போட்டார். கடைசியில் அந்தப் பெண்ணே எங்கிருந்தோ வந்து, "இவர் குழம்புக்காரர், விடுங்க" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. வயிறு கல் மாதிரி இருந்தது. பூரி வாசலிலேயே நின்றிருந்தாள், முழுசாக உப்பி.

"எங்க போயிருந்த?"

"வரிசை" என்றான் எலாடியோ. வாழ்க்கையில் முதன்முறையாக அந்த வார்த்தையில் கொஞ்சம் உண்மை இருந்தது.

"பொய் சொல்லாத. நீ கடைக்கு வரவே இல்லைன்னு ஹசிந்தோ போன் பண்ணிட்டான்."

எலாடியோ காலிப் பாத்திரத்தைக் கீழே வைத்தான்.

"எந்தக் கடை?"

"நீ தினமும் டோமினோ ஆடுற கடை. அவன் பயந்துட்டான். நான் அதுக்கு மேல பயந்துட்டேன். சாவடிக்குப் போன் போடலாமா, ஆஸ்பத்திரிக்குப் போடலாமான்னு நின்னுட்டிருக்கேன்."

"உனக்குத் தெரியுமா? எப்பலேர்ந்து?"

"முதல் வாரத்திலேர்ந்து. பின்னே தினமும் நீ கிளம்பப் போறப்போ, 'இன்னும் ஒரு ஆட்டம்'னு ஹசிந்தோ ஏன் உன்னைப் பிடிச்சு உக்கார வைக்கிறான்னு நினைச்ச? உன் முக அழகுக்கா?"

எலாடியோ நாற்காலியில் உட்கார்ந்தான். ஹசிந்தோவின் பாசம் என்று இத்தனை வருஷமாக அவன் நினைத்திருந்தது அவன் கண்முன்னாலேயே கரைந்து போயிற்று.

"நீயா சொன்ன?"

"நான்தான். காலையிலேர்ந்து பள்ளிக்கூடச் சமையல்ல பிள்ளைங்க கத்தல். வந்தா நீ, பூரி அது எங்க, பூரி இது எங்கன்னு. நடுவுல இந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குன்னு இருக்கு. பால்கனியில காலை நீட்டிக்கிட்டு கடல் அலையைப் பார்த்துட்டு இருப்பேன்."

"அப்ப சீக்கிரம் வந்திருவியான்னு நேத்து ஆசையா கேட்டியே?"

"ஆசையா? பயத்துல கேட்டேன்."

ஏமாற்றியது யார், ஏமாந்தது யார் என்று எலாடியோ எண்ணிப் பார்த்தான். எண்ண எண்ணக் குழம்புதான் நெஞ்சுக்குள் மேலே ஏறி வந்தது. பூரி ஒரு தம்ளரில் சோடா உப்பைக் கலக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. வேலி போயிட்டா வரிசைன்னு சொல்ல முடியாது. வேற ஏதாவது யோசிச்சு வை. இந்தத் தடவையாவது நம்புற மாதிரி சொல்லு."