சத்தமில்லாத ரவையும் எங்கள் தலைவரும்

உலகில் சத்தமில்லாமல் நடந்த புரட்சிகள் மிகச் சில. அவற்றுள் தலையாயது, எங்கள் வெக்ஸ்போர்ட் தமிழர் குறிசூட்டுக் கழகம் சத்தம் குறைந்த துப்பாக்கி ரவைக்கு மாறிய நிகழ்ச்சிதான் என்பதைக் கழகச் செயலாளர் என்ற முறையில் அடக்கத்தோடு அறிவிக்கிறேன்.

அந்தத் தீர்க்கதரிசனம் தலைவர் குலசிங்கம் அண்ணைக்கே உரியது. "சூட்டு மைதானத்தில வெள்ளையள் டமார் டமார் எண்டு சுடட்டும். நாங்கள் பண்பான சனம். பக்கத்தில நிக்கிறவனுக்குக்கூடக் கேக்கக் கூடாது" என்றார். அன்றே மெதுவாக வெடிக்கும் ரவைப் பெட்டிகள் வந்து இறங்கின. தலைவர் எத்தனை ஆண்டுகளாகத் தலைவர் என்பது எங்களில் எவருக்கும் நினைவில்லை. நிலைத்தன்மை என்பது இதுதான்.

மறு வாரமே எங்கள் அரைத் தானியங்கித் துவக்கு தகராறு செய்யத் தொடங்கியது. ஒரு வெடி வெடிக்கும். வெடித்த ரவையின் வெற்றுக் கோது வெளியே பறக்காமல் துவக்கின் வாசலில் குறுக்கே சிக்கி நிற்கும். அடுத்த ரவை உள்ளே ஏறாது. அஜக்ஸ் கழகத்துடன் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஒரே நம்பிக்கையான கிளடிஸ் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கோதைக் கையால் இழுத்து எறிந்துகொண்டிருந்தாள். கிளடிஸ் மார்க்கம் நகரில் மருந்தாளர். குறி தவறாதவள். வாயும் தவறாது.

உடனே "உயர்மட்ட விசாரணைக் குழு" கூடியது. இடம், உபதலைவர் கிறிஸ்துநாயகத்தின் வீட்டு நிலவறை. அரைத் தானியங்கி என்றால் பாதி வேலையைத் தானே செய்யும், மீதிப் பாதிக்குக் குழு வேண்டும் என்று தலைவர் விளக்கினார். கைதட்டினோம்.

"குளிருக்கு எண்ணெய் உறைஞ்சிருக்கும்" என்றேன் நான். அப்போது ஆடி மாதம், நடுக்கோடை. ஆயினும் கருத்துப் பதிவு செய்யப்பட்டது.

"அண்ணை, துவக்கில ஒரு பிழையுமில்லை. ரவையிலதான் பிழை" என்றாள் கிளடிஸ்.

உப்புமாக் கிண்ணத்தோடு வந்த கிறிஸ்துநாயகம் திடுக்கிட்டு நின்றார். "ரவையிலயோ? நான் நல்லா வறுத்துத்தானே கிண்டினனான்!"

அடுத்த அரை மணி நேரம் குழு உப்புமாவை விசாரித்தது. உப்பு மட்டும் சற்றுக் கூட என்ற முடிவுக்கு ஏகமனதாக வந்தோம்.

பிறகு தலைவர் தீர்ப்பளித்தார். "துவக்கு நல்லது. ரவை நான் தெரிஞ்செடுத்தது. அப்ப மிச்சம் ஆர்? பிள்ளையின்ர தோள்தான். பலம் காணாது."

"என்ர தோளோ?" கிளடிஸின் முகம் சிவந்தது. "போன மாசம் வரைக்கும் இதே தோளாலதானே சுட்டனான்?"

"உணர்ச்சிவசப்படாதை, பிள்ளை. போட்டியில உன்ர இடத்தில நானே நிக்கிறன்."

இப்படியொரு தியாகத்தை நான் கண்டதில்லை. எழுந்து நின்று கைதட்டினேன். கிளடிஸ் உப்புமாவைத் தொடாமலே போய்விட்டாள்.

ஆனால் ஞாயிறன்று மைதானத்துக்கு வந்தாள். கையில் சாதாரண ரவைப் பெட்டி ஒன்று.

"அதே துவக்கு, அதே தோள். ரவையை மட்டும் மாத்திறன். பாருங்கோ."

சுட்டாள். நிறுத்தாமல் சுட்டாள். கோதுகள் வலப்பக்கம் பறந்தன. ஒன்று சூட்டோடு சூடாகத் தலைவரின் கொலருக்குள் இறங்கியது. கழக வரலாற்றில் தலைவர் முதன்முறையாக நடனமாடினார். பக்கத்து வரிசை வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

கிளடிஸ் பொறுமையாகக் காத்திருந்து, தலைவரின் பண்பான ரவையைத் துவக்கில் போட்டு நீட்டினாள். "இப்ப நீங்கள் சுடுங்கோ, அண்ணை. உங்கட தோள் பலமானதெல்லே."

தலைவர் சுட்டார். டுப். கோது குறுக்கே நின்றது. இழுத்தார். மீண்டும் சுட்டார். டுப். மீண்டும் நின்றது.

"உந்த ரவைக்குள்ள வெடிமருந்து காணாது, அண்ணை. பின்னால தள்ளுற விசை குறைவு. கோதை வெளிய எறியிற பூட்டு பாதி வழியில திரும்பிடுது. துவக்கோ தோளோ ஒரு பாவமும் செய்யேல்லை."

குழு அங்கேயே அவசரமாகக் கூடி, தலைவரின் தோள் "தற்காலிக ஓய்வில்" இருப்பதாகத் தீர்மானித்தது. கிளடிஸ் சாதாரண ரவையோடு போட்டிக்குப் போய் அஜக்ஸைத் தோற்கடித்தாள். வெற்றிக் கிண்ணத்தைத் தலைவர் வாங்கினார். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் போட்டியின்றி மீண்டும் தெரிவானார். ரவைச் சிக்கலைத் "தனிமனிதராகக் கண்டுபிடித்த" அவரது நுண்ணறிவை நான் நன்றியுரையில் விரிவாகப் பாராட்டினேன். கடைசியில் கிளடிஸையும் இரண்டு வார்த்தை பேச அழைத்தோம்.

அவள் தலைவரின் கதிரைப் பக்கம் திரும்பினாள்.

"பெரிசா ஒண்டுமில்லை. வெடிச்சு முடிஞ்ச கோது தானா வெளிய போகவேணும். போகாமல் வாசலை அடைச்சுக்கொண்டு நிண்டால், புதுசா ஒண்டும் உள்ள வராது."

குலசிங்கம் அண்ணை நெகிழ்ந்துபோய் எழுந்தார்.

"என்ன அருமையான கருத்து! இதை இண்டைக்கே எங்கட கழக யாப்பு விதியளில சேர்க்கவேணும்!"

அவரே முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பிறகு அவர் தலைவர் கதிரையில் போய் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.