எம்.டி.க்கு மேலே போர்டு, போர்டுக்கு மேலே நான்

சென்னையில் இருக்கும் அருமை மாப்பிள்ளை லிங்கேஸ்வரன் அவர்களுக்கு, வன்னியம்பட்டியிலிருந்து மாமனார் உக்கிரபாண்டி, ராணுவ ஹவில்தார் (ஓய்வு), அநேக ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் ஆடிக்காற்று பலமாக இருக்கிறது. உங்கள் மாமியார் அங்காளம்மாள் அதைவிடப் பலமாக இருக்கிறாள். நான் மட்டும் சுமார். அவ்விடம் தங்கள் சுகமும் நாகஜோதியின் சுகமும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். நான் போனில் பேசினால் அடுப்படி வரைக்கும் கேட்கும், பட்டாளத்துக் குரல். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் போஸ்ட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன சித்திரையில் என் பிறந்தநாள் அன்றைக்கு, "மாமா, ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் கம்பெனியில உங்களுக்காகப் பத்து ஷேர் வாங்கிப் போட்டிருக்கேன், இனிமே நீங்களும் ஒரு முதலாளி" என்று சொன்னீர்கள் அல்லவா? கம்பெனிக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னீர்கள். நம் பக்கத்தில் பெரிய சூப்பர்மார்க்கெட் என்றால் ராஜபாளையம் தென்காசி ரோட்டில் இருக்கிறதே, அது ஒன்றுதான். அதன் வாசலிலும் இங்கிலீஷ் பெயர்தான். நீங்கள் விளையாட்டாகச் சொன்னீர்களோ என்னவோ, எனக்கு அன்றிலிருந்து நிலைகொள்ளவில்லை. பட்டாளத்தில் இருந்தவரை எனக்கு மேலே எத்தனை பேர் என்று ஒருநாளும் எண்ணி முடிந்ததில்லை. வீட்டுக்கு வந்தால் மேலே ஒரே ஓர் ஆள், அது போதாதா? நான் முதலாளி என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறிவிட்டேன்.

வாசலில் இசக்கிமுத்து என்று ஒரு செக்யூரிட்டி, "பைய அங்கன வச்சிட்டு டோக்கன் வாங்கிக்கிடுங்க ஐயா" என்றான். "ஏலே, நான் இந்தக் கடைக்கு முதலாளி, எங்கிட்டயே டோக்கனா?" என்றேன். அவன் பயந்துபோய் மேனேஜரைக் கூட்டி வந்தான். மேனேஜர் கௌதம்ராஜ், ராஜபாளையத்துப் பிள்ளை, வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், தங்கமான பையன். "ஷேர்ஹோல்டரா சார்? ரொம்ப சந்தோஷம் சார்" என்று ஏசிக்கு நேராக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, உமக்கு மேல யாரு?" என்பதுதான். பட்டாளத்தில் எந்த முகாமுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் தெரிந்துகொள்வோம். அவர் ஒரு பேப்பரில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினார். அவருக்கு மேலே மதுரையில் ஏரியா மேனேஜர். அவருக்கு மேலே சென்னையில் ஒருத்தர், அவருக்கும் மேலே பெங்களூரில் ஒருத்தர், எல்லாருக்கும் மேலே எம்.டி. "எம்.டி.க்கு மேல?" என்றேன். "போர்டு சார்" என்றார். நான் எழுந்துபோய் வாசலில் தொங்கிய போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு தகரத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறாரே என்று பரிதாபமாக இருந்தது. "அந்த போர்டு இல்ல சார், டைரக்டர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்தா அதுக்கு போர்டுன்னு பேரு" என்றார். "சரி, அவியளுக்கு மேல?" பேப்பரின் உச்சியில் இன்னொரு கட்டம் போட்டு, "ஷேர்ஹோல்டர்ஸ் சார். அதாவது நீங்க" என்றார். மாப்பிள்ளை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வாரம் மூன்று தடவை இன்ஸ்பெக்‌ஷன் போனேன். பிஸ்கட் பாக்கெட்டுகளைப் பரேடுக்கு நிற்பதுபோல் உயரவாரியாக அடுக்கச் சொன்னேன். கத்தரிக்காயைக் கண்ணாடித் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள், அதற்கு மூச்சு முட்டும் என்று பிரிக்கச் சொன்னேன். குடோனில் ஒரு சூப்பர்வைசர். அவருடைய கட்டத்திலிருந்து கௌதம்ராஜுக்கு ஒரு நேர்கோடு, மதுரைக்கு ஒரு புள்ளிக்கோடு. அது என்ன புள்ளிக்கோடு என்று கேட்டேன். "வேலை சொல்றது நான் சார், திட்டுறது மதுரைக்காரங்க" என்று கௌதம்ராஜ் விளக்கினார். நம் வீட்டிலும் அப்படி ஒரு கோடு இருக்கும்போலத் தோன்றியது. ஒருநாள் ஆலங்குளத்து அம்மாள் ஒருத்தி தள்ளுவண்டி நிறையச் சாமானோடு வந்து, "பெரியவரே, வழிய மறிச்சு நிக்கீரே, நீரு யாரு?" என்றாள். "முதலாளி" என்றேன். அவள் சுவரைக் காட்டினாள். அங்கே கம்பெனியின் குறிக்கோள் என்று தலைப்புப் போட்டு, "வாடிக்கையாளரே எங்கள் முதலாளி" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. "பாரும், என்னையத்தான் முதலாளின்னு போட்டிருக்கு. உம்ம பேரு எங்க இருக்கு?" என்றாள். கௌதம்ராஜைக் கூப்பிட்டு நியாயம் கேட்டோம். "ரெண்டு பேருமே முதலாளிதான்" என்றார். "அப்ப தொழிலாளி யாருய்யா?" என்று நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்டோம். "நான் ஒருத்தன்தான்" என்றார் பாவம்.

இதோடு நின்றிருந்தால் தேவலை. நம் வீட்டு முன்னறையில் உங்கள் மாமியார் நடத்தும் பலசரக்குக் கடை உங்களுக்குத் தெரியும். நான் காஷ்மீரிலும் அஸ்ஸாமிலும் கிடந்த வருஷமெல்லாம் அந்தக் கடைதான் நாகஜோதியைப் படிக்கவைத்தது. ரிட்டயர் ஆகி வந்த என்னை அவள் ஒருநாள்கூடக் கல்லாவில் உட்காரவிட்டதில்லை. பழைய பேப்பர் கிழித்துப் பொட்டலத்துக்குத் தோதாக அடுக்குவது மட்டும்தான் எனக்கு ஒதுக்கிய வேலை. இப்போது ஊர்ச்சனம் மாதச் சாமானை ராஜபாளையத்தில் வாங்கிக்கொண்டு, அவசரத்துக்கு ஒரு தீப்பெட்டி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை என்றுதான் அவளிடம் வருகிறார்கள். அந்த எரிச்சல் அவளுக்கு உண்டு. போன வாரம் பரிபூரணம் அக்கா வந்து கோதுமை மாவு கேட்டாள். உங்கள் மாமியார் இல்லை என்றாள். பேப்பர் கிழித்துக்கொண்டிருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "ராஜபாளையத்துல நம்ம கடையில புதுசா வந்து இறங்கியிருக்கே, அங்கன வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மாமியார் தராசை மெதுவாகக் கீழே வைத்தாள். "எது நம்ம கடை?" என்றாள். நான் ஷேர், போர்டு, கட்டம், கோடு எல்லாவற்றையும் விளக்கினேன். நம் கடைக்கும் அதுபோல ஒரு அமைப்பு வேண்டும், குறிக்கோள் ஒன்று எழுதி மாட்ட வேண்டும் என்றும் யோசனை சொன்னேன். "எங் கடையில முதலாளியும் நாந்தான், மூட்டை தூக்குறதும் நாந்தான். இன்னைக்கு வாங்குனவ நாளைக்கும் வரணும், அம்புட்டுதான் எங் குறிக்கோளு. எதிர்க்கடைக்கு மொதலாளியா இருக்கிற ஆளுக்கு எதுக்கு நான் வடிச்சுக் கொட்டணும்? உங்க கம்பெனியில போயிச் சாப்பிட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் சோறு இல்லை. பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்று வயிறு கல்லாகக் கிடக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம், "அவிய பெரிய முதலாளி, செத்த தள்ளி நின்னு பேசுங்க" என்கிறாள். திட்டினால்கூடத் தாங்குவேன், மாப்பிள்ளை. முதலாளி என்று கூப்பிடுவதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு ரொம்ப அவமானமாகவும் அதைவிட ரொம்பப் பசியாகவும் இருக்கிறது.

பொறுக்க முடியாமல் நேற்று கௌதம்ராஜிடம் போய் என் ராஜினாமாவை எழுதி நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "முதலாளி ராஜினாமா பண்ண முடியாது சார், ஷேரை விக்கத்தான் முடியும். நாங்கதான் ராஜினாமா பண்ணலாம்" என்றார். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் அந்தப் பத்து ஷேரையும் தாமதமில்லாமல் விற்றுவிடவும். விற்றதை உங்கள் வாயாலேயே மாமியாரிடம் சொல்லவும். நான் சொன்னால் நம்பமாட்டாள். ஆடிப்பூரத் தேருக்கு இரண்டு பேரும் வரும்போது நானும் உங்களோடு இலையில் உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தாங்கள் மேலும் மேலும் பெரிய கட்டத்துக்குப் போகவும், தங்கள் தலைக்கு மேலே புள்ளிக்கோடு எதுவும் விழாமல் இருக்கவும், நாகஜோதி தன் தாயாரின் குணத்தில் பாதியோடு நிறுத்திக்கொள்ளவும் ஆண்டாள் தாயாரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
உக்கிரபாண்டி (கடிதம் சேரும்வரை முதலாளி)

பி.கு.: ஸ்டாம்ப் வாங்கச் சில்லறை இல்லாமல் கடிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். வந்து பார்த்தால் உங்கள் மாமியார் போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நாகஜோதி பேசினாளாம். நீங்கள் ஷேர் வாங்கியது வேறு கம்பெனியாமே? அவர்களுக்கு நம் பக்கத்தில் கடையே கிடையாதாமே? "அடுத்தவன் கடையில போயா இம்புட்டு அதிகாரம் பண்ணுனீக?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டு எடுத்து வைத்துச் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நாளையிலிருந்து மதியம் வரைக்கும் கல்லாவில் உட்காரச் சொல்லியிருக்கிறாள், சாவி மட்டும் அவளிடம் இருக்கும். எனவே ஷேரை விற்க வேண்டாம். கௌதம்ராஜிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அந்தப் பிள்ளை மனசு கஷ்டப்படும். தங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்த நிஜக் கம்பெனிக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கடை திறக்கும் யோசனையில் இருந்தால், அதெல்லாம் கூடவே கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டதாக எம்.டி.யிடம் சொல்லிவிடவும்.