கைடு பார்த்த டிவி

குமுளிக்கு வந்து யானை பார்க்காமல் ஊர் திரும்பியவர் ஒருவர்கூடக் கிடையாது. கைடு அந்தத் தொழிலில் இருந்தவரைக்கும் கிடையாது. யானை வராத நாள் உண்டு, மழையில் காடே தெரியாத நாளும் உண்டு. அதெல்லாம் யானையின் பிரச்சினை, மழையின் பிரச்சினை. கைடு கூட்டிப் போனால் யானை பார்த்தாக வேண்டும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எங்கள் லாட்ஜில் யாருக்கும் தெரியாது. தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். ஃபேக்டரி வேலை பிடிக்காமல் இளவயதிலேயே குமுளிக்கு ஓடிவந்து கைடு ஆனவர். முழங்காலைத் தொடும் பச்சை ஜெர்கின், தொப்பி, கழுத்தில் பைனாகுலர். குளிக்கப் போகும்போது ஜெர்கினும் தொப்பியும் ஆணியில் தொங்கும், பைனாகுலர் மட்டும் அவரோடு உள்ளே போகும். அங்கே எதைப் பார்க்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

யானை காட்டுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கூட்டத்தைப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தி, எதிர்மலையைப் பார்த்துக் கையை நீட்டுவார். "அந்தா, காஞ்ச மரம் ஒண்ணு நிக்குதுல்ல, அதுக்கு அங்கிட்டு ரெண்டு விரக்கடை தள்ளி. தெரியுதா?" என்பார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. மறுபடி, "தெரியுதா?" என்பார். மூன்றாம் முறை கேட்கும்போது அந்தக் குரலில் ஒரு வருத்தம் வந்துவிடும். இவ்வளவு தூரம் செலவு செய்து வந்து இதுகூடத் தெரியாமல் போகிறீர்களே என்று நமக்காக அவர் படுகிற வருத்தம். அதைத் தாங்கமாட்டாமல் கூட்டம் மொத்தமும் தெரியுது, தெரியுது என்று சொல்லிவிடும். சேலத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார் மட்டும், அது பாறை என்று கடைசிவரை ஒற்றைக்காலில் நின்றார். கைடு பைனாகுலரை வைத்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "இம்புட்டு நேரம் நின்னுச்சு சார், நீங்க பேசப் பேச படுத்துருச்சு" என்றார். அதன்பிறகு வாத்தியாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கி வந்தார் என்று கேள்வி.

நான் ஏலக்காய் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுத குமுளிக்கு வந்தவன். மாநில எல்லைச் செக்போஸ்ட்டை ஒட்டிய அந்த லாட்ஜில் மாத வாடகைக்கு ஒரு அறை. முதலாளி கோட்டயத்தில் இருந்தார். இங்கே சாவியும் சமையலும் அதிகாரமும் ஸ்டெல்லாக்காவிடம் இருந்தன. கைடுக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. முட்டி தேய்ந்து காட்டுக்குப் போவதை நிறுத்திய பிறகும் அவர் அங்கேதான் இருந்தார், வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்பது என்ற, யாரும் கொடுக்காத ஒரு வேலையில்.

அந்த வேலையில்தான் முதலில் சந்தேகம் வந்தது. ஒருநாள் வாசலில் காய்ந்துகொண்டிருந்த மழைக்கோட்டிடம், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று அன்பாக விசாரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். நாங்கள் சிரித்தோம். ஸ்டெல்லாக்கா சிரிக்கவில்லை. என்னைத் துணைக்கு அனுப்பி அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குத் துரத்தினார்.

டாக்டர் மலையாளி. பொறுமையாகச் சொன்னார். நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதும் போய்விடும். "காழ்ச்ச வளரெ கொறவாணு" என்று முடித்தார். மலையாளத்தில் காழ்ச்ச என்றால் பார்வை, வளரெ என்றால் ரொம்ப. ஊர் சுற்ற வருகிறவர்கள் பார்க்கிற காட்சிக்கும் காழ்ச்ச என்ற அதே சொல்தான். கைடு பஸ் ஏறினார். லாட்ஜுக்கு வந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "டாக்டரும் அதத்தான் சொல்றாரு. இந்த சீசன்ல காழ்ச்ச கொறவாம்" என்று ஸ்டெல்லாக்காவிடம் அறிவித்தார்.  என் முகத்தைப் பார்த்தே அக்கா புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பின் சாயங்காலங்களில் ஹாலில் உட்கார்ந்து பைனாகுலர் வைத்து டிவி பார்க்க ஆரம்பித்தார். டிவிக்கும் அவருக்கும் நடுவில் நாலு எட்டுத் தூரம். வந்து தங்குகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருநாள் பைனாகுலரின் கண்ணாடிகளில் மூடி போட்டபடியே இருந்தது. அப்படியே அரைமணி நேரம் பார்த்தார். ஸ்டெல்லாக்கா குனிந்து, மூடியைக் கழற்றவில்லையே என்று காதோடு சொன்னார். "வெளிச்சம் சாஸ்தி, அதான்" என்றார் கைடு.

மகள் பாக்கியம் சின்னமனூரில் இருந்தாள். எப்படியோ அவளுக்குச் சேதி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கண் தெரியவில்லை என்றால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று போனில் சொல்லிவிட்டாள். கைடு அன்று சாப்பிடவில்லை. பிறந்ததிலிருந்து மலையை விட்டு இறங்காத மனிதர். கீழே வெயில், ரைஸ்மில் சத்தம், மகள் வீட்டு உள்ளறைக் கட்டில். "அங்க போயி நான் யாருக்கு என்னத்தக் காட்டுறது சார்?" என்று என்னிடம் கேட்டார். 

பதில் அவரே கண்டுபிடித்தார். பஸ் ஸ்டாண்ட் கடையில் பழைய போன் ஒன்று வாங்கிவந்தார். அதன் தலையில் சின்ன பல்பு இருந்தது, ரிமோட் மாதிரி வேலை செய்யும். அதில் இறக்கிய ஒரு ஆப், எந்த சேனலில் இப்போது என்ன ஓடுகிறது என்று பட்டியலும் காட்டும். விரல் பட்ட இடத்தில் இருப்பதை ஒரு பெண்குரல் வாசித்துச் சொல்லும். மகள் வருகிற அன்று அந்தக் குரலைக் கேட்டு சேனலை மாற்றி, கண்ணால் பார்ப்பதுபோல நாலு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். இதுதான் திட்டம். திட்டத்துக்குக் கையாள் நான்.

முதலில் டிவி எந்தக் கம்பெனி என்று போன் கேட்டது. எங்கள் டிவியின் முகத்தில் கம்பெனிப் பெயர் உதிர்ந்து, நடுவில் ஒரு எழுத்துதான் மிச்சம். ஆகவே பட்டியலில் இருந்த கம்பெனியை எல்லாம் வரிசையாக அமுக்கினோம். ஒவ்வொன்றுக்கும் டிவி அணைந்ததா என்று போன் கேட்கும், இல்லை என்போம். ஏதோ ஒரு கம்பெனிக்கு, ஹால் மூலையில் நான் வந்த நாளிலிருந்து செத்துக்கிடந்த ஏசி திடீரென்று வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு பல்லி விழுந்தது. ஸ்டெல்லாக்கா சிலுவை போட்டுக்கொண்டார். கடைசியில் டிவி அணைந்தபோது நானும் கைடும் கைகுலுக்கிக்கொண்டோம்.

பெண்குரல் மலையாளத்தில் பேசியது. தமிழுக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். அவர் போனைக் காதில் வைத்துக் கேட்கப் போகிறவர். யாராவது கேட்டால் ஆபீஸிலிருந்து பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாமாம். எந்த ஆபீஸ் என்று நான் கேட்கவில்லை.

பட்டியல் இருக்கும் பட்டனுக்குப் பெயர் கைடு. அதில் அவர் விரல் பட்டதும் அந்தப் பெண் தெளிவாக, "கைடு" என்றாள். அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "எம்பேரு இவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார். விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அன்று மாலை முழுக்க மறுபடி மறுபடி அந்தப் பட்டனையே தொட்டுக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள் அவரைக் கைடு என்று கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஒரு சிக்கல்தான் பாக்கி. எங்கள் லாட்ஜில் ஜன்னலோரம் நின்றால் போனுக்குத் தமிழ்நாட்டு டவர் கிடைக்கும், சமையலறைப் பக்கம் நகர்ந்தால் கேரள டவர். கட்டிலில் புரண்டு படுத்தாலே நல்வரவு என்று மெசேஜ் வரும். அந்த ஆப்பும் டவரைப் பார்த்துத்தான் நாம் எந்த மாநிலம் என்று முடிவு செய்யும், சேனல் வரிசையையும் அதன்படி மாற்றிவிடும். எங்கள் கேபிளோ கேரளக் கேபிள். முதல் நாள் கைடு ஜன்னலோரம் உட்கார்ந்து, பட்டிமன்றம் வைக்கிறேன் என்று ஒரு நம்பரைத் தட்டினார். டிவியில் பேறுகாலப் பராமரிப்பு பற்றி ஒரு டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். அதனால் சமையலறைக் கதவோரம் ஒரு நாற்காலி போட்டு, அங்கிருந்து நகரவே கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அந்த இடத்திலிருந்து எல்லாம் கச்சிதமாக நடந்தது. "ஏழு மணி. செய்தி. வாசிக்கிற பொம்பள புதுசு போல" என்பார். அது அவராகச் சேர்த்துக்கொள்வது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. ஹாலுக்குத் தகரக் கூரை, அதில் மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, டிவிச் சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாக்கியம் கம்பம் பஸ்ஸில் நனைந்துகொண்டு வந்து இறங்கினாள். அப்பாவின் ஜாடை அப்படியே முகத்தில். ஈரத்தைக்கூடத் துடைக்காமல், "ஏம்ப்பா இருட்டுக்குள்ள உக்காந்திருக்க? இங்கிட்டு வெளிச்சத்துக்கு வா, மொகத்தப் பாப்போம்" என்று கையைப் பிடித்து, நாற்காலியையும் தூக்கி ஜன்னலோரம் போட்டு உட்கார வைத்துவிட்டாள்.

நானும் ஸ்டெல்லாக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குத் தான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்திருக்கும். ஆனால் மகளுக்கு முன்னால் பரபரப்பில் மறந்துபோனார் என்றுதான் நினைக்கிறேன். போனைக் காதில் வைத்தார், கேட்டார், முகம் மலர்ந்தது. டிவியைப் பார்த்து நீட்டித் தட்டினார்.

"பாக்கியம், பாத்தியா, தேரோட்டம் காட்டுறான்" என்று மழைக்கு மேல் கத்தினார்.

டிவியில் ஒருவர் மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தார்.

"அலங்காரத்தப் பாரு, பூவு எம்புட்டுப் போட்டிருக்கான்" என்றார் கைடு. மீன்காரர் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தார். "கூட்டம் தாங்கலையே, சின்னப் பிள்ளைகளத் தோளுல வச்சிருக்கான் பாரு" என்றார். மசாலா தடவினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மையாகவே வந்தது. ஸ்டெல்லாக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். பாக்கியம் டிவியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். டிவி இருண்டது.

கைடு நிறுத்தவில்லை. தேர் ஆடி ஆடி முக்குத் திரும்பியது. வடம் பிடித்தவர்கள் வியர்த்தார்கள். ஒரு ஆள் குடைராட்டினம் ஏறினான். அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக் கையை நீட்டி, எதிர்மலையைக் காட்டுகிற அதே மாதிரி நீட்டி, "அந்தா, நிலைக்கு வந்துருச்சு. தெரியுதா?" என்றார்.

பாக்கியம் அவர் முன்னால் மண்டிபோட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும்ப்பா" என்றாள்.

அவர் மறுகையிலிருந்த போனை மடியில் வைத்தார். பிறகு, "கரண்டு போயிருச்சு போல" என்றார்.

மறுநாள் மழை விட்டதும் கிளம்பினார்கள். பாக்கியத்தின்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளத்தில் விழுந்து கிடந்தால் நான் யாருக்கக்கா பதில் சொல்றது என்று ஸ்டெல்லாக்காவிடம் அழுதாள். நியாயம்தானே. பச்சை ஜெர்கினும் தொப்பியும் பைனாகுலருமாகக் கைடு பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார். வெளியே பனி மூட்டம், கண் நன்றாக இருப்பவனுக்கே ரோடு தெரியாது. பஸ் நகரும்போது முன்சீட்டுக்காரரின் தோளைத் தட்டி வெளியே எதையோ காட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எட்டி எட்டிப் பார்த்தார்.

லாட்ஜ் சப்பென்று ஆகிவிட்டது. இப்படி எழுதவே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. வருகிறவர்கள் தாங்களாகவே வந்து, தாங்களாகவே கீழே போகிறார்கள். பாதிப்பேர் யானை பார்க்கவில்லை என்று சொல்கிறார்கள். நாற்காலியில் ஸ்டெல்லாக்கா ஈரத்துணி காயப்போடுகிறார்.

ஆனால் பெரும்பாலான சாயங்காலங்களில் எனக்குப் போன் வரும். "சார், இந்த நம்பரப் போடுங்க, கபடி நடக்குது" என்பார். அவர் கையில் இருப்பது சின்னமனூர் டவர் காட்டும் பட்டியல், எங்கள் கேபிளில் அந்த நம்பரில் வேறு ஏதாவது இருக்கும். சொன்னதைப் போடுவேன். நகை விளம்பரம் ஓடும். "தெரியுதா?" என்பார். அருமையான ஆட்டம் என்பேன். யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்பார், அதையும் சொல்வேன்.

போன வாரம் பெரிய காற்று. மரம் விழுந்து லாட்ஜில் உண்மையாகவே கரண்டு போய்விட்டது. மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. காட்டு விலங்குகள் பற்றி ஏதோ படமாம், யானை வந்திருக்கிறதாம், உடனே போடச் சொன்னார்.

அணைந்து கிடந்த டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். கூரையில் மழை. கரண்டு இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"தெரியுதா சார்?"

"தெரியுது கைடு. பக்கத்துல குட்டியும் நிக்குது" என்றேன்.

 அந்தப் பக்கம் ரைஸ்மில் சத்தம் கேட்டது.

"குட்டியா?" என்றார். "அத நான் கவனிக்கலையே சார். நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

இருட்டைப் பார்த்தபடி, கரண்டு வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.