பீரோ வதைப் படலம்

எட்டுத் திசையும் செவி சாய்க்கட்டும்! கட்டிலும் மேசையும் முட்டிக்கொள்ளும் ஒற்றையறைப் பேரரசின் ஏகச் சக்கரவர்த்தி, ஹெட்போனையே மணிமுடியாய்த் தரித்த செம்மல், வீட்டார் வாயால் 'டமாரம்' எனப் பட்டம் பெற்ற இசைவேந்தன் போர்க்களம் புகுந்த கதையைப் பாடப்போகிறேன். நாவே, நடுவில் காலை வாரிவிடாதே!

போருக்குக் காரணம் அக்காள். குளியலறையன்றி வேறெங்கும் பாடியறியாத அம்மங்கை, தன் கல்யாண வரவேற்பில் மேடையேறும் நேரத்துக்கென்று தம்பி அமைத்த பாட்டை வெட்கம் விட்டுப் பாடிக் கொடுத்திருந்தாள். "நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்கிடாதடா!" என்பதே அவள் இட்ட ஆணை.

பகைவன் யார்? இரும்புப் பீரோ! ஸ்பீக்கரில் பாட்டின் பேஸ் எனும் அடிநாதம் ஆழ்ந்த சுரமொன்றைத் தொடும்போதெல்லாம், குடும்பத்துத் துணிமணி அனைத்தையும் வயிற்றில் அடக்கிய அவ்விரும்புடலான் 'ஙொய்ய்ய்' என்று கூடவே கர்ஜித்தான். அடேயப்பா, என்ன திமிர்! கொதித்தெழுந்த வீரன் அதன் முதுகில் தலையணை செருகினான், போர்வையால் போர்த்தினான், கதவை இரு கரத்தாலும் இறுகத் தழுவி மல்லுக்கு நின்றான். மசியவில்லை. முடிவில், மதியூகம் என்று தானே மெச்சிக்கொண்டு, பாட்டிலிருந்தே அந்தச் சுரத்தை அரிந்து, மீண்டும் அரிந்து, வேரோடு களைந்தான். பீரோ ஊமையாயிற்று. "கடைசி மெருகேத்தி மாஸ்டரிங் பண்ண எவனும் தேவையில்ல, நானே போதும்!" என்று முழங்கினான். அம்மா வந்து தலையணைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

வெற்றிப்பாட்டு அக்காளை மணக்கவிருந்த மாமாவின் காரில் ஏறியது. "என்ன மாப்ள, பாட்டு பட்டினி கிடந்த மாதிரி இருக்கு?" என்றார் மாமா. ரோஷம் பொத்துக்கொண்டு வர, வீரன் வீட்டுக்கு ஓடி, ஒலியளவை வானுக்கு ஏற்றினான். அக்காள் குரலோ நெரிசல் பேருந்தில் சிக்கியவள் குரலாய் நசுங்கியது. கேட்ட அக்காள் திட்டவில்லை. "விடுடா. மண்டபத்துக்காரங்க வெச்சிருக்கற பாட்டையே போட்டுக்கலாம்" என்றாள். மலையொத்த தோளான் குழந்தைபோல் அழுதுவிட்டான்.

அழுத கையோடு ஆணவத்தை மூட்டைகட்டி, பலரது பாட்டுகளுக்குக் கடைசி மெருகேற்றுவதே தொழிலான மாஸ்டரிங் அம்மையாரைச் சரணடைந்தான். அவர் பாட்டை ஒருமுறை கேட்டார். ஒன்றே ஒன்று வினவினார்.

"தம்பி, உங்க ரூம்ல பீரோ ஏதாச்சும் இருக்கா?"

வீரன் ஆமெனத் தலையாட்டினான்.

"ஒரு சுரம் மட்டும் பள்ளமா கிடக்கு. ஆடுனது பீரோ, அதுக்குப் பாட்ட ஏன்பா வெட்டுனீங்க? வெட்டாதத அனுப்புங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வந்தது வரவேற்பு மாலை! மண்டபத்து ஒலிபெருக்கிகள் வாய் திறக்க, அடிவயிற்றைத் தொடும் பேஸ் தரையதிர எழ, அதன்மேல் அக்காள் குரல் கணீரென்று ஏற, தன் குரலைத் தானே நம்பாதவள் மேடைப்படியில் நின்று, வாய் பொத்திச் சிரித்து, கண்மை கரைய அழுது, கூட்டத்தில் தம்பியைத் தேடிப் பிடித்து, "டேய், நானாடா இது!" என்று கூவ, மாமா விசிலடிக்க, நம் மாவீரன் விம்மிய மார்பும் நிமிர்ந்த தலையுமாய் விண்ணளாவ நின்றான்.

பெரியப்பா வந்து சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.