பத்தொன்பது நாளும் மூன்றாவது மாடியும்

அன்புள்ள அக்காவுக்கு, சின்ன வயதிலிருந்து உன்னிடம் பாதி உண்மையை மட்டும் சொல்லியே வளர்ந்த உன் தங்கை, இந்தத் தடவை முழுசாகச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்து எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். இருவர் என்று எழுதியதும் பேனா கொஞ்சம் நின்றது, அடிக்காமல் விட்டுவிட்டேன். அங்கு நீயும் அத்தானும் அத்தானின் முதுகுவலியும் சௌக்கியமா? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் போன் ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும், இந்த விஷயம் அத்தான் காதில் விழுந்தால் அப்புறம் நான் எந்த முகத்தோடு உன் வீட்டுக்கு வருவது?

எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. இன்றோடு பத்தொன்பது நாள். அந்த ஒரு தடவையைத் தவிர, நாற்பத்திரண்டு வயது வரை ஒரு நாள் முன்னே பின்னே போனதில்லை. ஒன்பதாம் நாள் பொறுக்கமுடியாமல் தையல் கூடத்தில் பக்கத்து மெஷின்காரியிடம் வாயை விட்டேன், பத்து நிமிஷத்தில் கூடம் முழுக்க மாநாடு. பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர் வந்ததிலிருந்து நீ சரியா சாப்பிடறதில்ல, அதான் என்றாள் அவள். காஜா எடுப்பவள் தைராய்டு என்றாள், அவளுக்கு எல்லாமே தைராய்டுதான், போன வாரம் ஊசி உடைந்ததற்கும் அதையேதான் சொன்னாள். மெலிந்தாலும் தள்ளிப்போகுமாம், குண்டானாலும் தள்ளிப்போகுமாம். கவலைப்பட்டால் தள்ளிப்போகுமாம், ஐயோ தள்ளிப்போச்சே என்று கவலைப்பட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகுமாம். அப்படின்னா இது எங்க போய் முடியும் என்று கேட்டேன். சூப்பர்வைசரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "உன் வயசுல அது தள்ளிப்போறதில்லம்மா, நின்னுபோறது" என்றாள். எல்லோரும் குனிந்துகொண்டு தைக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு காரணத்தை ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லவில்லை அக்கா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு நடந்தது அவர்களுக்குத் தெரியும். அந்த இரக்கம்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலம் இவரிடம் சொன்னேன். இவர்தான் லிஃப்ட் மெக்கானிக்காச்சே, சர்வீஸ் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நாள் தள்ளிப்போயிருக்கு."

"யாரு தள்ளி வெச்சது? போன மாசம் நான் கரெக்டா பண்ணினேனே!"

"எனக்கு ஒரே பயமா இருக்குங்க."

"பயப்பட என்ன இருக்கு, கொஞ்சம் ஆயில் போட்டா சரியாயிடும். மாசாமாசம் பார்க்கவேண்டிய விஷயம் இது. அதையும் மீறித் தள்ளிப்போனா உள்ள என்னமோ இருக்குன்னு அர்த்தம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இவரோ நான் லிஃப்ட் சர்வீஸைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஆயில் டப்பாவைத் தேடிக்கொண்டு போய்விட்டார். நானும் திருத்தவில்லை. அப்புறமும் ஏன் திருத்தவில்லை என்றால், மறுநாள் காலையிலிருந்து எங்கள் கட்டடத்து லிஃப்ட் நிஜமாகவே பிசக ஆரம்பித்துவிட்டது.

நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. மூன்றாவது மாடியில் இரண்டு வீடும் பூட்டிக் கிடக்கிறது, ஆள் கிடையாது. ஆனால் ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி, லிஃப்ட் மூன்றில் தானாக நிற்கிறது. கதவு திறக்கிறது. எதிரே பூட்டும் தூசியும் செருப்பில்லாத செருப்பு ஸ்டாண்டும். கொஞ்சம் அதிகநேரமே காத்திருக்கிறது, யாரோ செருப்பு மாட்டிக்கொண்டு வருகிற நேரம். அப்புறம் மூடிக்கொள்கிறது. இவர் பட்டனை மாற்றினார், ஒயரை மாற்றினார், கடைசியில் போர்டையே மாற்றினார். "யாரும் கூப்பிடாம லிஃப்ட் நிக்காது, நிக்கவே நிக்காது" என்று இதையே சாப்பிடும்போதும் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஸ்டூல் போட்டு மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பட்டனையே பார்த்திருக்கிறார். யாரும் தொடவில்லை, லைட் எரிந்திருக்கிறது. பேய்க்கதை என்றால் சிரிக்கிற மனுஷன், எழுந்து நின்று "யாரு?" என்று கேட்டிருக்கிறார். எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் படியில் வரும்போது காதால் கேட்டாள். என்னிடம் கேட்டால் இருமினேன் என்கிறார்.

அதுகூடப் போகட்டும். ஆறு பேர் ஏறுகிற லிஃப்ட் அக்கா, முந்தாநாள் காலையில் நாங்கள் ஐந்து பேர்தான், வெயிட் ஜாஸ்தி என்று மணி அடிக்கிறது. எல்லோரும் நாலாவது மாடி வக்கீலைப் பார்த்தார்கள், அவர் கொஞ்சம் தாட்டியான ஆள். மனுஷன் கோபமாக இறங்கினார், மணி நிக்கல. அவரை மறுபடி ஏறச் சொல்லிட்டு நான் இறங்கினேன். டக்குனு நின்னுடுச்சு. கதவு மூடற வரைக்கும், உங்ககிட்ட அப்படி என்ன வெயிட்டுங்கற மாதிரி வக்கீல் என்னையே பார்த்தார். நான் படியிலயே இறங்கிப் போனேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால நடந்தது உனக்குத்தான் தெரியுமே. அன்னிக்கு லிஃப்ட் ரிப்பேர், இவர் வேறெங்கோ வேலையா போயிருந்தார், நான் படியேறி வந்து மூணாவது மாடிப் படியிலதான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். மூணு மாசம் சுமந்தது அங்கயே போச்சு. நீதான் வந்து என் துணியெல்லாம் அலசினே. படி ஏறினதால இல்ல, இது தானா நடக்கறதுதான்னு டாக்டர் அப்பவே தெளிவாச் சொன்னாங்க. இவர் காதுல அது ஏறவேயில்ல. தன் லிஃப்ட் நின்னதாலதான்னு இன்னிக்கு வரைக்கும் நினைச்சுக்கிட்டு, மாசாமாசம் அதுக்கு ஆயில் போட்டுக்கிட்டிருக்கார்.

டெஸ்ட் பண்ணுற அட்டை ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் அதைக் களவுப்பொருள் மாதிரி பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பட்டன் டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன், பிரிக்கப் போவதில்லை. பேயாவது பிசாசாவது. எனக்குப் பயமெல்லாம், மறுபடி ஆசைப்பட்டுவிடுவேனோ என்றுதான். வயசாச்சு, நின்றுவிட்டது, அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். லிஃப்டுக்கும் வயசாச்சு. அதனால் நீ பதறிக்கொண்டு வராதே, அத்தானிடம் சொல்லாதே, பார்சலில் மாத்திரை அனுப்பாதே. கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் முதுகுக்கு என் அனுதாபம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
ஒன்றும் ஆகாத உன் தங்கை

பி.கு.: தபாலில் போட இறங்கினேன். மூன்றில் நின்றது, கதவு திறந்தது. வழக்கமாகக் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்று என்ன தோன்றியதோ, "வர்றதுன்னா வா கண்ணு, எவ்வளவு நாள் அங்கயே நிப்பே?" என்றேன். ஆள் ஏறினால் லிஃப்ட் லேசாக அமுங்குமே, அப்படி அமுங்கியது. கதவு மூடிக்கொண்டது. தபால்பெட்டி வரைக்கும் போகாமல் அப்படியே மேலே வந்தேன், மூன்றில் நிற்கவில்லை. நேரே பட்டன் டப்பா. ரெண்டு கோடு அக்கா. ரெண்டும் அழுத்தமாக. நாளைக்குக் காலையில் டாக்டரிடம் போகிறோம். இவர் நாலு தடவை மேலேயும் கீழேயும் போய்வந்துவிட்டு, "நான் எதையும் தொடலையே, மூணுல நிக்கவே மாட்டேங்குதே" என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "கூப்பிட்டவங்க ஏறியாச்சுங்க" என்று அட்டையைக் காட்டினேன். இந்தத் தடவை சரியாகப் புரிந்துகொண்டார், ஆயில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே அழுகிறார். வராதே என்று எழுதியதை மறந்துவிட்டு உடனே புறப்பட்டு வா. முதல் பாராவில் ‘இருவரும்’ என்பதை நீயே அடித்துவிடு. இங்கு எல்லோரும் நலம்.