மாமி தேடும் கண்ணாடி

குறிஞ்சிப்பிட்டி,
புதன்கிழமை காலை.

அன்பின் மருமகன் கில்பட்டுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், புத்தளத்தில் உனக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்றும் நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதினால் அது பொய். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வரிகள் தாமாகவே ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன.

போன கிழமை உங்கள் சங்கத்துக்குப் பழைய கண்ணாடி சேர்க்க நீ வந்தபோது, அலுமாரியின் இழுப்பு லாச்சியிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தேன் அல்லவா? அதை உடனே திருப்பி அனுப்பு. கழுவி, பவர் அளந்து, மலைநாட்டு ஏழைகளுக்குக் கொடுக்கப் போகிறோம், சனிக்கிழமை லொறி வருகிறது என்றாய். நல்ல காரியம்தான், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் லொறி வருவதற்கு முன் கண்ணாடி சேர்த்த பெட்டியைக் கவிழ்த்துத் தேடு. என் பழைய கண்ணாடி என்று நினைத்துத் தந்துவிட்டேன். அது உன் மாமியுடையது.

மக்தலேனா கண்மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு என்னிடம் சத்தியம் வாங்கினாள். "என்ட கண்ணாடியப் போட்டுத்தான் சவப்பெட்டிய மூடோணும். இல்லாட்டி நீங்க அங்க வாற நேரம் எப்பிடி அடையாளம் காணுறது? வேற ஆரையும் கூட்டிக்கொண்டு போயிருவன்" என்றாள். போகிற நேரத்திலும் பகிடியா என்று ஏசினேன். அடக்கத்தன்று அழுத கண்ணோடு நானே மாட்டியும் விட்டேன். எதை மாட்டினேன் என்பதுதான் இப்போது பிரச்சினை. எங்கள் வீட்டுக் கண்ணாடியெல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே மண்ணிறப் பிரேம். லாச்சியில் கிடந்த என் பழையதை அவளுக்கு மாட்டிவிட்டு, அவளுடையதை லாச்சியில் போட்டிருக்கிறேன்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். அவள் வீட்டுக்குள் தடவிக்கொண்டு திரிகிறாள், கில்பட். நான் வைத்த தேத்தண்ணிக் கோப்பை வைத்த இடத்தில் இல்லை, கையை நீட்டினால் நாலு விரல் தள்ளி நிற்கிறது, வாசற்படி ஒருநாள் உயர்ந்திருக்கிறது, மறுநாள் தாழ்ந்திருக்கிறது, சீனி டின்னுக்குள் உப்பு, உப்புச் சட்டிக்குள் சீனி, சீனியில் விரல் தடம் வேறு, இதையெல்லாம் துக்கத்தில் வந்த மறதி என்று முதலில் தள்ளிவிட்டேன், துக்கத்தில் நான் செய்யாத கூத்தா, முந்தாநாள் வேலியோரம் வந்து நின்ற நம் கூட்டாளி ஸலாஹுதீனிடம் அடக்கத்துக்கு வந்ததற்கு நன்றி சொல்லி, கையைப் பிடிக்கப் போன பிறகுதான் அது கழுதை என்று தெரிந்தது. அதைக்கூட விடு. நேற்று முற்பகல் படுக்கையறைக்குள் போனேன். அலுமாரிப் பக்கம் வெள்ளையாய் ஓர் உருவம். முகம் இருந்தது, கண்ணும் மூக்கும் கலைந்துபோய் இருந்தன. கையை முன்னால் நீட்டி, தடவித் தடவி, என்னை நோக்கியே வந்தது. "மக்தலேனா, நான்தான்" என்றேன். அதுவும் வாயை அசைத்தது. சத்தம் வரவில்லை.

எனக்குப் பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருக்கிறது. நாற்பத்தொரு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது கொஞ்சம். கடைசியாகக் கேட்டதையும் பிழையாகச் செய்து, செத்த பிறகும் அவளைத் தட்டுத்தடுமாற விட்டிருக்கிறேன். அவளுடைய கண்ணாடியின் வலது காதுப்பக்கம் ஆணி கழன்று, ஊதா நைலோன் நூலால் கட்டியிருக்கும். அந்த அடையாளத்தை வைத்துத் தேடு. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் அவள் கல்லறைத் தலைமாட்டு மணலில் நானே புதைத்துவிடுகிறேன்.

தலவிலக் கோயில் புனித அன்னம்மாள் உன்னையும் உன் மோட்டார் சைக்கிளையும் விழாமல் காக்கட்டும். அம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா அன்ரனிப்பிள்ளை.

பி.கு.: பெட்டியைக் கவிழ்க்க வேண்டாம். பக்கத்து வீட்டு டயனா, அடக்கத்துக்குப் பிறகு சிலாபத்துக்குப் போயிருந்தவள், இன்றுதான் வந்தாள். கடிதத்தைத் தபாலில் போட அவளிடம் கொடுத்தேன். வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள். "மாமா, நீங்க என்னத்துக்கு மாமிட கண்ணாடியப் போட்டிருக்கீங்க?" என்றாள். காதுப்பக்கம் தடவினேன். நூல் முடிச்சு விரலில் பட்டது. மாமிக்கு நான் மாட்டியது அன்று நான் போட்டிருந்த என் சொந்தக் கண்ணாடி. உனக்குத் தந்தது என்னுடைய பழையதேதான். கோப்பை, படி, கழுதை எல்லாம் பவர் செய்த வேலை. அறையில் வந்த உருவம், அலுமாரிக் கதவின் ஆளுயர முகக்கண்ணாடியில் நான். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். டயனா என் முகத்திலிருந்து மாமியின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மேசையில் வைத்தாள். வாசல் படலை வரை அவளை அனுப்பிவிட்டு வந்து, மேசையைத் தடவினேன். வைத்த இடத்தில் இல்லை. நாலு விரல் தள்ளி, மாமி வைப்பதுபோல் கண்ணாடிக் கால்களை மடித்துக் கவிழ்த்து வைத்திருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் அதை எடுக்கவில்லை. அவளுடையது, அவள் எடுத்துக்கொள்ளட்டும். கடிதத்தை நாளைக்கு டயனாவிடம் கொடுப்பேன். என் பழையது இப்போது என் கண்ணுக்குப் பவர் போதாது, அதை ஏழைக்கே கொடு. உன் பெட்டியில் எனக்குப் பொருந்துகிற வேறொன்று இருந்தால் கொண்டுவா, மருமகன். யாரும் தேடிக்கொண்டு வராததாகப் பார்த்து எடு.